ஸாக் ஈடியின் கல்லூரிக் கூடைப்பந்து வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸாக் ஈடி யார்?

கனடாவின் டொராண்டோ நகரில் 2002 மே 14 அன்று பிறந்த கூடைப்பந்து வீரர். 2020 முதல் 2024 வரை நான்கு பருவங்கள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழக அணியின் சென்டராக, அதாவது வளையத்தருகே நின்று ஆடும் வீரராக, ஆடினார். உயரம் 7 அடி 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 224 சென்டிமீட்டர். எடை சுமார் 136 கிலோ. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் ஆண்டின் சிறந்த வீரர் என்ற விருதைத் தொடர்ச்சியாகப் பெற்றார். அவருக்கு முன் அவ்வாறு தொடர்ந்து பெற்றவர் 1980களின் தொடக்கத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ரால்ஃப் சாம்ப்சன். நாற்பது ஆண்டு இடைவெளியில் வந்த இந்த இருவரின் உயரமும் ஒன்றே என்பது தற்செயல்தான் என்றாலும், சாம்ப்சனைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஈடியின் வருகை பழைய நினைவுகளைக் கிளறிவிட்டது.

அவ்வளவு உயரமானவர் சிறுவயதிலிருந்தே கூடைப்பந்துதான் ஆடியிருப்பார், இல்லையா?

இல்லை. சிறுவயதில் அவர் ஆடியவை பனிக்கட்டி ஹாக்கியும் பேஸ்பாலும். ஹாக்கியில் தற்காப்பு ஆட்டக்காரராகவும், பேஸ்பாலில் பந்து வீசுபவராகவும் இருந்தார். உயரமான பிள்ளையைக் கண்டால் ஊரே கூடி ஒரே ஆலோசனையைச் சொல்லும். அந்த ஆலோசனையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால், வேண்டுமென்றே கூடைப்பந்தைத் தவிர்த்ததாக அவரே பிற்காலப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பத்தாம் வகுப்பை ஒட்டிய காலத்தில்தான் முறையாக ஆடத் தொடங்கினார். பின்னர் ஃப்ளோரிடா மாநிலத்தின் பிரேடன்டன் நகரிலுள்ள ஐ.எம்.ஜி. அகாதெமி என்ற விளையாட்டுப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஆக, கல்லூரியில் காலடி வைத்தபோது அவருக்கு இந்த ஆட்டத்தில் சில ஆண்டு அனுபவமே இருந்தது. ஏழெட்டு வயதிலேயே பந்தைத் தட்டத் தொடங்கிய பிள்ளைகளுடன் அவர் போட்டியிட வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எண்களின் பொருள் இன்னும் தெளிவாகும்.

இதே அகாதெமியில் சில ஆண்டுகளுக்கு முன் பயின்ற 7 அடி 2 அங்குல உயர வீரர் ஒருவரை இந்திய வாசகர்கள் அறிந்திருப்பார்கள். தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், பஞ்சாபின் சத்னம் சிங் 2015-இல் டாலஸ் அணியால் 52-ஆவது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. ஆனால் அவர் கல்லூரி ஆட்டம் எதுவும் ஆடாமல் நேரடியாக அங்கே சென்றார், என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கல்லூரியில் கழியும் நான்கு ஆண்டுகள் ஓர் உயரமான இளைஞருக்கு எதைத் தரக்கூடும் என்று எண்ணும்போது இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பர்டூ அவரை எப்படிக் கண்டெடுத்தது?

பள்ளி முடிக்கும் வீரர்களை நாடு முழுவதும் வரிசைப்படுத்தும் பட்டியல்களில் ஈடிக்கு 400-க்கும் அப்பால்தான் இடம் கிடைத்திருந்தது. பெரிய பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள் அவரைத் துரத்திக்கொண்டு வரவில்லை. பர்டூவின் தலைமைப் பயிற்சியாளர் மேட் பெயின்டர், 2005 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர், உயரமான சென்டர்களைப் பொறுமையாக வளர்த்தெடுப்பதில் பெயர் பெற்றவர். ஏழடி உயர ஏ.ஜே. ஹேமன்ஸ், 7 அடி 2 அங்குல ஐசக் ஹாஸ், 7 அடி 3 அங்குல மேட் ஹார்ம்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராக அங்கே ஆடியிருக்கிறார்கள். ஈடி அந்த வரிசையின் தொடர்ச்சியாகவே வந்து சேர்ந்தார். வந்தவுடன் வெளிச்சமும் அவர்மேல் விழுந்துவிடவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் ட்ரேவியன் வில்லியம்ஸ் என்ற திறமையான மூத்த வீரருடன் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஒருவர் களத்தில் இருக்கும்போது மற்றவர் பெஞ்சில் இருப்பார்.

எவ்வளவு சொன்னாலும், உயரம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

அடிக்கடி எழும் கேள்வி என்பதாலும், தவறான பதிலே பெரும்பாலும் பரவியிருப்பதாலும், இதை விரிவாகப் பார்க்க வேண்டும். உயரம் இல்லாமல் இந்த வாழ்க்கை இல்லை. அதை மறுப்பது நேர்மையாகாது. தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும் வளையத்தை நோக்கி அவர் கையை உயர்த்தும்போது, மற்றவர்கள் எம்பிக் குதித்து அடையும் இடத்தை அவர் கிட்டத்தட்ட நின்றபடியே அடைந்துவிடுகிறார். எனினும் முதல் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் அவருடைய உயரம் ஏறத்தாழ ஒன்றே. மாறியது எது என்பதை எண்களே சொல்கின்றன.

முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.7 புள்ளிகளும் 4.4 ரீபவுண்டுகளும் எடுத்தார். (வளையத்தில் பட்டுத் தவறித் திரும்பும் பந்தைப் பிடித்தெடுப்பதே ரீபவுண்ட்.) இரண்டாம் பருவத்தில் இவை 14.4, 7.7 ஆயின. மூன்றாம் பருவத்தில் 22.3, 12.9. நான்காம் பருவத்தில் 25.2, 12.2, அந்தப் பருவத்தில் நாட்டிலேயே மிக அதிகப் புள்ளிச் சராசரி கொண்ட கல்லூரி வீரர் அவர்தான்.

இந்த எண்களை இன்னும் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்கு 19 நிமிடங்கள் மட்டுமே களத்தில் இருந்தார். மூன்றாம், நான்காம் பருவங்களில் ஏறத்தாழ 32 நிமிடங்கள். நிமிடத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று கணக்கிட்டால், இரண்டாம் ஆண்டு ஈடிக்கும் நான்காம் ஆண்டு ஈடிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வளையத்தருகே நின்று புள்ளி எடுக்கும் வேகம் இரண்டாம் ஆண்டிலேயே அவரிடம் வந்துவிட்டது. பிந்தைய இரு ஆண்டுகளில் அவர் சேர்த்துக்கொண்டது, அதே வேகத்தை 19 நிமிடங்களிலிருந்து 32 நிமிடங்களுக்கு நீட்டிக்கும் ஆற்றல். 136 கிலோ எடையுள்ள உடலை 94 அடி நீளக் களத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடவைத்து, தன்னைத் தள்ளியும் இடித்தும் கைகளைப் பிடித்திழுத்தும் களைப்படையச் செய்ய முயலும் இரண்டு மூன்று பேரைத் தாங்கிக்கொண்டு, கடைசி நிமிடத்திலும் முதல் நிமிடத்தைப் போலவே கால்களை ஊன்றி நிற்பது பிறவியில் வருவதன்று. உணவு, ஓட்டம், எடைப் பயிற்சி, பயிற்சிக்களத்தில் கழிந்த வெறுமையான மாலைகள் ஆகியவற்றால் மெல்ல மெல்ல வருவது.

இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு பருவங்களில் பர்டூ ஆடியவை 139 ஆட்டங்கள். ஈடி ஆடியவை 138. மிக உயரமானவர்களின் முழங்கால்களும் கணுக்கால்களும் பாதங்களும் எவ்வளவு எளிதில் பழுதடைகின்றன என்பதை அறிந்தவர்கள் இந்த 138 என்ற எண்ணைத்தான் முதலில் வியப்பார்கள். என் மதிப்பீட்டில் அவருடைய கல்லூரி வாழ்க்கையின் ஆகப்பெரிய சாதனை இதுதான். விருதுகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

களத்தில் அவருடைய ஆட்டமுறை எப்படிப்பட்டது?

பார்வைக்கு எளிமையானது. வளையத்துக்கு அருகே, எதிராளியைத் தன் முதுகுக்குப் பின்னால் அடக்கி நிறுத்திக்கொண்டு பந்தைக் கேட்பார். பந்து வந்ததும் தோளைத் திருப்பி, ஒரு கையால் வளைவாக எறியும் ஹூக் ஷாட்டைப் போடுவார் அல்லது நேராக வளையத்துக்குள் திணிப்பார். இரண்டு பேர் சேர்ந்து மறித்தால், வெளியே காலியாக நிற்கும் தோழருக்குப் பந்தைத் தந்துவிடுவார். இந்த மூன்றாவது செயலைத்தான் அவர் மிகத் தாமதமாகக் கற்றார். அணிக்கு மிகப் பெரிய பயனைத் தந்ததும் அதுவே.

ஃப்ரீ த்ரோ எனப்படும் தனி எறிதலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். எதிரணி வீரர் விதிமீறித் தடுத்தால், யாரும் மறிக்காமல் 15 அடி தூரத்திலிருந்து எறியும் வாய்ப்பு கிடைக்கும். உயரமான சென்டர்கள் பலர் இதில் தடுமாறுவார்கள். அதனால் எதிரணியினர் வேண்டுமென்றே அவர்களை அடித்துத் தடுத்து, அந்த எறிதலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஈடியிடம் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. கடைசி இரு பருவங்களிலும் பத்து எறிதல்களில் ஏழுக்கும் மேல் உள்ளே போட்டார். நான்காம் பருவத்தில் மட்டும் 400-க்கும் அதிகமான தனி எறிதல்கள் அவருக்குக் கிடைத்தன. தனி எறிதலில் உயரத்தால் எந்த ஆதாயமும் இல்லை. குட்டையான பையனும் நெட்டையான பையனும் அங்கே சமம். உயரம்தான் எல்லாம் என்று வாதிடுபவர்கள் இந்த ஒரு எண்ணிக்கைக்காவது பதில் சொல்ல வேண்டும்.

2023-இல் என்ன நடந்தது? ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

ஒவ்வொரு மார்ச் மாதமும் 68 கல்லூரி அணிகள் மோதும் தேசியத் தொடரில் தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும். நான்கு பிரிவுகளிலும் அணிகள் 1 முதல் 16 வரை தரவரிசையிடப்படுகின்றன. 2023-இல் பர்டூ முதல் தர அணி. ஈடி ஆண்டின் சிறந்த வீரர். மார்ச் 17 அன்று ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் அவர்களை எதிர்த்தது நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஃபேர்லி டிக்கின்சன் என்ற 16-ஆம் தர அணி. அந்தப் பருவத்தில் கல்லூரி ஆட்டத்தின் மேல்நிலையான ‘டிவிஷன் 1’ அணிகள் அனைத்திலும் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அதுதான்.

63–58 என்ற கணக்கில் அந்தக் குள்ள அணி வென்றது. ஆடவர் தொடரின் வரலாற்றில் 16-ஆம் தர அணி ஒன்று முதல் தர அணியை வீழ்த்தியது அது இரண்டாம் முறை மட்டுமே. ஈடி 21 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்திருந்தார். ஆனால் எதிரணியினர் அவருக்கு முன்னும் பின்னும் ஆள் நிறுத்திப் பந்தே வராமல் செய்துவிட்டார்கள். ஆட்டத்தின் முடிவுக்கட்டத்தில் அவரால் ஒரு முறைகூட வளையத்தை நோக்கி எறிய முடியவில்லை. வெளியே காலியாக விடப்பட்ட தோழர்கள் மூன்று புள்ளி எறிதல்களில் (தொலைவிலுள்ள ஒரு கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) 26 முறை முயன்று 5 முறையே வென்றார்கள்.

இது ஒற்றைத் தோல்வியாக இருந்திருந்தால் மறந்துபோயிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு 15-ஆம் தர அணியான செயின்ட் பீட்டர்ஸிடமும், அதற்கும் முந்தைய ஆண்டு 13-ஆம் தர அணியான வட டெக்சஸிடமும் பர்டூ தோற்றிருந்தது. மூன்று தோல்விகளிலும் ஈடி இருந்தார். பெரிய உருவம் கொண்டவர் தோற்கும்போது ஊர் சிரிக்கும் விதமே வேறு. அந்த வசந்தகாலம் முழுவதும் அவர் அதைத் தாங்கினார்.

அதன் பிறகும் ஏன் கல்லூரிக்கே திரும்பினார்?

2023-இல் என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பெயரைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் விலகினார். அவரைப் பல கணிப்புகள் இரண்டாம் சுற்றில்தான் வைத்திருந்தன. நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி வீரர் என்று விருது பெற்றவருக்குத் தொழில்முறை அணிகளிடம் முதல் சுற்று உறுதி இல்லாமற்போனதே, கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் எவ்வளவு வேறுபட்டவை என்பதைக் காட்டும். திரும்பி வந்தால் ஆட்டம் இன்னும் மெருகேறும், முடியாமற்போன காரியம் ஒன்றும் முடியும் என்று அவர் கணக்கிட்டது போலவே தோன்றுகிறது.

கல்லூரியில் இருந்தபோது அவருக்குப் பணம் கிடைத்ததா?

2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம். ஆனால் ஈடி கனடா நாட்டவர். மாணவர் விசாவில் இருந்தவர். அந்த விசா அமெரிக்க மண்ணில் இத்தகைய வேலை செய்ய இடம் தருவதில்லை. பெஞ்சில் அமர்ந்திருந்த உள்நாட்டு வீரர்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டபோது, நாட்டின் சிறந்த வீரருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட தெளிவான அநீதி இது என்றே கருதுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் விசாவில் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கட்டுப்பாட்டின் கடுமை நன்றாகவே புரியும்.

2024-இல் பர்டூ எவ்வளவு தூரம் சென்றது?

இறுதி ஆட்டம் வரை. முந்தைய கோடையில் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற கனடா அணியில் ஓர் உறுப்பினராக இருந்துவிட்டு ஈடி திரும்பியிருந்தார். டிசம்பரில் பர்டூ அவருடைய சொந்த ஊரான டொராண்டோவிலேயே அலபாமாவை எதிர்கொண்டபோது 35 புள்ளிகள் எடுத்தார். அணியும் மாறியிருந்தது. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர் ஆகியோர் ஓராண்டு முதிர்ந்திருந்தார்கள்; வேறு பல்கலைக்கழகத்திலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் வந்து சேர்ந்திருந்தார். வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி முயற்சிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு உள்ளே விழுந்தது. ஈடியை இருவர் மறித்தால் இனி அதற்கு எதிரணி விலை கொடுத்தாக வேண்டும் என்ற நிலை உருவானது.

தேசியத் தொடரில் கிராம்ப்ளிங், யூட்டா ஸ்டேட், கொன்சாகா ஆகிய அணிகளை வரிசையாக வென்றார்கள். டெட்ராய்டில் டென்னசியை 72–66 என வென்று, 1980-க்குப் பின் முதன்முறையாக இறுதி நான்கு அணிகளுள் ஒன்றானார்கள். அரையிறுதியில் வட கரோலினா ஸ்டேட்டை 63–50 என வென்றார்கள். மொத்தத்தில் அந்தப் பருவத்தின் கணக்கு 34 வெற்றிகள், 5 தோல்விகள்.

இறுதி ஆட்டத்தில் 37 புள்ளிகள் எடுத்தும் ஏன் தோற்றார்கள்?

2024 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் கிளென்டேலில் நடந்த அந்த ஆட்டத்தில் கனெக்டிகட் 75–60 என வென்றது. ஈடி 37 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் எடுத்தார். அணியின் மொத்தப் புள்ளிகளில் பாதிக்கும் மேல் ஒருவருடையது என்றால், அந்த ஆட்டத்தின் கதை அதிலேயே அடங்கிவிடுகிறது. கனெக்டிகட்டின் பயிற்சியாளர் டான் ஹர்லி, ஃபேர்லி டிக்கின்சன் செய்ததற்கு நேர்மாறானதைச் செய்தார். ஈடியை மறிக்க 7 அடி 2 அங்குல உயரமுள்ள டோனவன் கிளிங்கனைப் பெரும்பாலும் தனியாகவே விட்டார். மற்ற நால்வரும் பர்டூவின் எறிவீரர்களை விட்டு அகலவேயில்லை. நீ எடுக்கும் இரண்டு இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள், உன் தோழர்களின் மூன்று மூன்று புள்ளிகளைத் தரமாட்டோம் என்பதே திட்டம். பர்டூ அந்த ஆட்டம் முழுவதிலும் ஏழே ஏழு மூன்று புள்ளி முயற்சிகளைச் செய்து, ஒன்றில் மட்டும் வென்றது. உயரமான ஒருவரை வீழ்த்த இரண்டு வழிகள் உண்டு: அவரிடம் பந்தே போகாமல் செய்வது, அல்லது அவரைத் தவிர வேறு யாரிடமும் பந்து பயன்படாமல் செய்வது. ஈடி இரண்டையும் ஓராண்டு இடைவெளியில் சந்தித்தார்.

இங்கே ஒரு விந்தையான ஒற்றுமை உண்டு. பர்டூ இதற்கு முன் இறுதி ஆட்டத்தில் ஆடியது 1969-இல். அன்று அவர்களைத் தோற்கடித்தவர், பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டர், 7 அடி 2 அங்குல உயரமுள்ள யு.சி.எல்.ஏ. வீரர். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்ததும் 37 புள்ளிகள்தான். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே எண் பர்டூவின் பக்கம் வந்தது, கோப்பை வரவில்லை.

உயரமான வீரர்களுக்காக விதிகளே மாற்றப்பட்டனவாமே?

உண்மைதான். கல்லூரிக் கூடைப்பந்தின் விதிநூலில் கணிசமான பகுதி உயரமானவர்களைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது. 1940களில் டிபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கன், ஒக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் பாப் கர்லண்ட் ஆகியோர் வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைக் கையால் தட்டிவிடத் தொடங்கியபோது, 1944–45 பருவத்திலிருந்து அது தடைசெய்யப்பட்டது. பில் ரசல் போன்றவர்கள் வளையத்தருகே ஆதிக்கம் செலுத்தியதை ஒட்டி, தாக்கும் வீரர் நெடுநேரம் நிற்கக்கூடாத பகுதியின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக 1950களின் நடுவில் விரிவாக்கப்பட்டது. அல்சிண்டர் தம் முதல் தேசியப் பட்டத்தை வென்ற 1967-இல், பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் முறைக்கே தடை வந்தது; அந்தத் தடை 1976 வரை நீடித்தது. அல்சிண்டர் அதற்குப் பதிலாகத் தம் ஹூக் ஷாட்டை மேலும் கூர்மையாக்கினார் என்பதும், அதுவே தொழில்முறை ஆட்டத்தில் அவரைப் பல்லாண்டுகள் வாழவைத்தது என்பதும் அனைவரும் அறிந்தவை.

ஈடிக்காக விதி எதுவும் மாறவில்லை. ஆனால் அவரை எதிரணியினர் தள்ளுவதை நடுவர்கள் கண்டுகொள்வதில்லை என்று பர்டூ ரசிகர்களும், அவர் தள்ளுவதைக் கண்டுகொள்வதில்லை என்று மற்றவர்களும் இரண்டு ஆண்டுகள் ஓயாமல் வாதிட்டார்கள். பெரிய உடலை எப்படி நடுவுநிலையோடு பார்ப்பது என்ற அந்தச் சிக்கல் மைக்கன் காலத்திலிருந்தே தீராமல் இருக்கிறது.

அவரைவிட உயரமானவர்கள் கல்லூரியில் ஆடியதில்லையா?

ஆடியிருக்கிறார்கள், ஆடுகிறார்கள். செனகலின் டாக்கர் நகரில் பிறந்த டாக்கோ ஃபால் 7 அடி 6 அங்குலம். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 2019 வரை ஆடினார். வளையத்தருகே அவர் எறிந்தவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உள்ளே விழுந்தன. ஆனால் தனி எறிதலில் பாதிகூடத் தேறவில்லை. என்.பி.ஏ. தேர்வில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஒலிவியே ரியூ 7 அடி 9 அங்குலம். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் முதல் பருவம் களமிறங்காமலேயே பயிற்சி பெற்று, 2025 நவம்பரில் முதல் ஆட்டம் ஆடினார்.

உயரமே போதும் என்றால் இந்த வரிசையில் ரியூ முதலிலும் ஃபால் இரண்டாவதாகவும் ஈடி மூன்றாவதாகவும் வந்திருக்க வேண்டும். இதைச் சொல்வது மற்ற இருவரையும் குறைத்து மதிப்பிடுவதற்காக அன்று. அந்த உடல்களோடு ஓடுவதற்கே எவ்வளவு உழைப்பு தேவை என்பதை உணர்ந்தே சொல்கிறேன்.

அவர் படைத்த சாதனைகள் யாவை?

பர்டூ வரலாற்றில் அதிகப் புள்ளிகள் (2,516), அதிக ரீபவுண்டுகள் (1,321) ஆகிய இரண்டும் அவருடையவை. புள்ளிகளில் அவர் முறியடித்தது ரிக் மவுன்ட் என்பவரின் 2,323. மவுன்ட் ஆடிய 1970-க்கு முந்தைய காலத்தில் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. மூன்றே பருவங்களில், பெரும்பாலும் தொலைவிலிருந்தே எறிந்து அந்த எண்ணை எட்டியவர் அவர். இரண்டு சாதனைகளையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

கல்லூரியில் பெற்ற வெற்றி என்.பி.ஏ.வில் ஏன் உறுதியில்லை?

விதிகளும் ஆட்களும் வேறு. கல்லூரியில் தற்காப்பு வீரர் வளையத்தருகே எவ்வளவு நேரமும் நிற்கலாம், என்.பி.ஏ.வில் யாரையும் மறிக்காமல் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் 30 விநாடி, அங்கே 24. மூன்று புள்ளிக் கோடும் அங்கே தொலைவாக இருப்பதால் களம் விரிந்துபோகிறது. நெட்டையான சென்டர் வளையத்தை விட்டு வெளியே வந்து, சிறுத்தைபோல் பாயும் வீரர்களைத் துரத்த வேண்டியிருக்கிறது. அங்கே 7 அடி என்பதும் அரிதன்று. இந்தக் காரணங்களால்தான் அவருடைய எதிர்காலத்தைப் பலர் ஐயத்தோடு பார்த்தார்கள்.

2024 ஜூன் மாதத் தேர்வில் மெம்ஃபிஸ் அணி அவரை 9-ஆவது இடத்தில் எடுத்தது. பலருடைய கணிப்பைவிட அது முன்னதாக வந்த இடம். முதல் பருவத்தில் 66 ஆட்டங்களில் சராசரியாக 9.2 புள்ளிகள், 8.3 ரீபவுண்டுகள் எடுத்து, புதுமுக வீரர்களின் முதல் ஐவர் அணியில் இடம்பெற்றார். கல்லூரியில் கிட்டத்தட்டத் தொடாமலே இருந்த மூன்று புள்ளி எறிதலை அங்கே அவ்வப்போது முயலவும் தொடங்கினார். 2025 கோடையில் கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. கல்லூரியில் நான்காண்டுகள் அவரைக் காத்த உடல், நீண்ட தொழில்முறைப் பருவத்தை எவ்வாறு தாங்கும் என்பதே இப்போது அவரைப் பின்தொடர்பவர்களின் கவலை, எனக்கும் அதுவே.

இதுவரை அவருடைய ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

2024 மார்ச் 31 அன்று டென்னசியுடன் நடந்த ஆட்டத்திலிருந்து. அவர் 40 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்து, ஓய்வே இல்லாமல் ஏறத்தாழ முழு ஆட்டமும் களத்தில் நின்ற நாள் அது. எதிரணியில் டால்டன் கனெக்ட் 37 புள்ளிகளோடு தனி ஒருவராகப் போராடிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் கனெக்ட் வளையத்தை நோக்கிப் பாய்ந்து எறிந்த பந்தை ஈடி தடுத்துவிட்ட காட்சியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, பந்தின் மேல் கண் வைக்காமல் அவருடைய கால்களை மட்டும் பாருங்கள். பந்து அவர் கைக்கு வருவதற்கு முன்பே, எதிராளியின் இடத்தை ஓரடி ஓரடியாக அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதும், நாற்பதாவது நிமிடத்திலும் அந்த ஓரடியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் அப்போது தெரியும்.